நீல வண்டியின் நம்பரைத் தேய்த்தது நான்தான்

அன்று ஷெட்டில் ஆஜரானவர்கள்:

ஒன்று, வண்டியின் சொந்தக்காரர் சூசை. பாராடாங் தீவில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவர்.

இரண்டு, அவர் மனைவி ரெஜினா.

மூன்று, வண்டிக்கு மதிப்புப் போட சென்னையிலிருந்து விமானத்தில் வந்த மாலினி. பழைய வெளிநாட்டுக் கார்களைப் பார்த்து விலை சொல்வது அந்தப் பெண்ணின் தொழில்.

நான்கு, ஷெட்டை வாடகைக்கு விட்ட மண்டல் தாதா. வங்காளியில் தாதா என்றால் அண்ணன். அவருக்கு அங்கே வேலை இல்லை. டீ கிளாசோடு நின்றார்.

ஐந்து, நான்.

கமிட்டி ரிப்போர்ட் எழுதும்போது முதலில் ஆஜரானவர்கள் பெயரை எழுத வேண்டும். அப்புறம்தான் வண்டி. பத்தொன்பது வருஷம் அப்படி எழுதிய கை. வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியவில்லை.

நான் எழுதுகிறவன் இல்லை. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன். போர்ட் பிளேயரில் அரசாங்க மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். ஊரின் பெயர் மாறிவிட்டது. என் வாயில் இன்னும் மாறவில்லை.

சில மாதமாக அபர்டீன் பஜாரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. லட்சக்கணக்கில் போகிற இத்தாலிக் காரை மிஸ்திரி கெடுத்துவிட்டான் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். அடுத்த கடையில், நான் அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் இப்போது இருக்கிறவர்கள் போன் பண்ணிக் கேட்டார்கள். அவர்களுக்கு இப்போது செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் வண்டியின் விலை தானாக வருகிறதாம். "உங்க காலத்துல எப்பிடி மிஸ்திரி போடுவீங்க? அந்தக் கார்ல என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்ல எனக்கு முடியாது. எங்கள் தொழிலாளர் சங்கத்து மலரில் எழுதிவிட்டால் ஒரே தடவையாகப் போய்விடும் என்று செயலாளர் சொன்னார்.

கலாசியாகச் சேர்ந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கீழே படுப்பது, டீசலில் பாகம் கழுவுவது. எட்டு வருஷத்தில் மெக்கானிக் ஆனேன். அதில் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு கண்டம் பண்ணுகிற கமிட்டியில் போட்டார்கள். ஓடி முடிந்த அரசாங்க வண்டியைப் பார்த்து, இனி வேண்டாம் என்று எழுதி, ஏலத்துக்கு அடிவிலை போடுகிற கமிட்டி. அதில் ஆபீசர்கள் இருப்பார்கள். கீழே படுத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது நான்.

எங்கள் ஜூனியர் இன்ஜினியர் பிஸ்வாஸ் சார். வங்காளி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். வண்டியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று சுற்றுவார். அதற்குள் நான் கீழே போய்விடுவேன். என் கையில் சின்னச் சுத்தியல், ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். சட்டத்தில் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். உப்பு தின்ற இரும்பு தொப்பென்று இருக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அந்த இடம் முடிந்தது. இந்தத் தீவில் வண்டி ஓடித் தேய்வது குறைவு. நின்றே தின்னப்பட்டுவிடும்.

நான் வெளியே வந்து கையைத் துடைத்ததும் பிஸ்வாஸ் சார் மூன்று கேள்வி கேட்பார்.

"சலேகா?" ஓடுமா.

"கித்னா தின்?" எத்தனை நாள்.

"கபாட் மே கித்னா?" பழைய இரும்பாகப் போட்டால் எவ்வளவு.

மூன்றுக்கும் பதில் சொன்னால் பென்சிலால் ஒரு தொகை எழுதுவார். ரப்பரால் அழிப்பார். மறுபடி எழுதுவார். அப்புறம் பேனா. நான்காவது கேள்வி ஒருநாளும் கேட்டதில்லை.

எப்போதும் சரியாகப் போட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஒரு லாரிக்கு 'ஓடாது' என்று நான் சொல்லி அடிமாட்டு விலை போட்டோம். ஏலம் எடுத்த தெலுங்குக்காரர் அதைத் தட்டிக்கொட்டி ஒன்பது வருஷம் ஓட்டினார். என்னை ரோட்டில் எங்கே கண்டாலும் இரண்டு ஹாரன் அடிப்பார். சைக்கிளில் போகும் நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். வேறென்ன செய்ய?

இனி, கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பலில் வந்த ஒரு ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் அந்த இத்தாலி வண்டியில் அப்படிச் செய்தேன் என்று புரியாது.

அந்த ஜீப்பின் சேஸிஸ் நம்பர் துருவில் மூடிப்போயிருந்தது. நாங்கள் பழைய பைலைப் பார்த்து நம்பரை எழுதிவிட்டோம். பஜாரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவர் ஏலத்தில் எடுத்தார். பெயர் மாற்றப் போனார். வண்டியில் நம்பர் தெரியவில்லை, காகிதத்தில் இருப்பது இதே வண்டி என்று எப்படி நம்புவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் அலைந்தார். கடைசியில் ஒர்க்‌ஷாப் வாசலில் ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். மேலேயிருந்து பிஸ்வாஸ் சாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்று மதியம் அவர் டிபன் கேரியரைத் திறக்கவில்லை.

மறுநாள் சொந்தக் காசில் எமரித் தாள் வாங்கி வந்தார். ஜீரோ நம்பர், ரொம்ப நைசானது. என் கையில் கொடுத்தார்.

"நம்பர் போல்னா சாஹியே," என்றார். நம்பர் பேச வேண்டும்.

அன்று முதல் இது முறை. வண்டி எதுவானாலும் முதலில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கிற இடத்தை மண்ணெண்ணெயில் துடைக்க வேண்டும். எமரித் தாளால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் நம்பர் காகிதத்தில் இறங்கும். அந்த நகலைப் பைலில் ஒட்ட வேண்டும். பிறகு நம்பரைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட வேண்டும், ஏலத்துக்கு வருகிறவன் தேடக் கூடாது. மேலே லேசாகக் கிரீஸ். நான் எடுத்த நகலில் ஒரு எழுத்துக்கூட மங்கி இருக்காது. மற்ற டிபார்ட்மெண்டிலிருந்து வந்து என்னிடம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அதன் பிறகு ஒரு ஜீப்பும் திரும்பி வரவில்லை.

இப்போது சூசையின் வண்டி.

சூசையின் அண்ணன் சென்னையில் இறால் ஏற்றுமதி செய்தவர். நல்ல காசு பார்த்தவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இந்தக் காரைப் புதிதாக வரவழைத்து, சுங்க வரி எல்லாம் கட்டி வைத்திருந்தார். பிள்ளை இல்லை. அவர் இறந்ததும் வண்டி தம்பிக்கு வந்தது. கப்பலில் இறக்கி, இந்த ஊர் நம்பர் வாங்கி, மண்டல் தாதாவின் தகர ஷெட்டில் நிறுத்தினார்கள். எட்டு வருஷம் நின்றது. நம் ரோட்டில் அது ஓடாது. முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே வயிறு தட்டும்.

சூசைக்குப் படகு வேண்டியிருந்தது. பாராடாங்கில் சுண்ணாம்புக் குகைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுகள் முறை வைத்து ஓடும். அவருடைய இரண்டு மரப் படகையும் புழு அரித்துவிட்டது. சீசன் தொடங்குவதற்குள் பைபர் படகு ஒன்று இறக்காவிட்டால் அவர் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருபது வருஷமாக வைத்திருக்கிற முறை. பதினாறு சீட், இரண்டு இன்ஜின் உள்ள படகுக்கு விலை பேசி வைத்திருந்தார். அவர் மருமகனும் அதே படகில் வேலை செய்வதாக ஏற்பாடு.

என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து ஒரு பிள்ள பாக்க வருது. அதுக்கு முன்னால நீங்க ஒருக்கப் பாத்து ஒரு வெல சொல்லுங்க. நமக்கும் ஒரு கணக்கு வேணும்லா?"

போனேன். அவர் தார்ப்பாயை எடுத்தார்.

நீலம். இரண்டு கதவு. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, ஓடப் போகிற மாதிரி நின்றது. பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்கு மேலே ஆறு குழாய், வெள்ளி மாதிரி, வரிசையாக வளைந்து கிடந்தன. காற்று உள்ளே போகிற குழாய்தான். அதற்கு எதற்கு இத்தனை பாலீஷ் என்று தெரியவில்லை. பானெட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பட்டன்கள் எல்லாம் இளகிப் பலாப்பால் மாதிரி விரலில் ஒட்டின. மேலே வெள்ளையாக ஏதோ தூவி இருந்தது.

"நாந்தான் பவுடர் போட்டு வச்சேன்," என்றார் ரெஜினா. "தொட்டா ஒட்டிக்கிட்டே வருது. இவுக அண்ணன் செத்தும் வண்டிய விட மாட்டேங்காரு."

"சும்மா கெட," என்றார் சூசை.

"சும்மாதான கெடக்கு எட்டு வருசமா. அதத்தான் சொல்லுதேன்."

சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார் சூசை. நான் மாட்டேன் என்றேன். உள்ளே ஒரு பெல்ட் இருக்கிறது. ரப்பர் காய்ந்திருக்கும். சுற்றினால் அறுந்து வால்வு எல்லாம் வளைந்துவிடும். அது எனக்குத் தெரியும்.

கீழே படுத்தேன். தட்டினேன். டிக்கிக்கு அடியில் ஒரு கை அகலத்துக்குத் துரு. மற்றது நல்ல இரும்பு. மீட்டரில் பதினோராயிரம் கிலோமீட்டர் சொச்சம். எங்கள் ஆம்புலன்ஸ் நாலு மாதத்தில் அவ்வளவு ஓடும்.

எழுந்து வந்து பிஸ்வாஸ் சாரின் மூன்று கேள்வியை எனக்குள் கேட்டேன். ஓடுமா? இப்போது ஓடாது. எத்தனை நாள்? தெரியாது. பழைய இரும்பில்? எடை ஆயிரத்து நானூறு கிலோ. கிலோ இருபத்து நாலு.

"முப்பத்து மூவாயிரத்து அறுநூறு," என்றேன்.

சூசை என்னைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள போன்லயே முப்பத்தஞ்சு லெச்சத்துக்கு மேல போகும்னு சொல்லிச்சு."

"ஓடாத வண்டிக்கா?"

"ஓடாததுனாலதானாம்."

எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் அவ்வளவு விலை போகிற வண்டி இப்படி அழுக்காக நிற்கக் கூடாது என்று தோன்றியது. சூசை கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போயிருந்தார்கள். ஷெட் சாவி மண்டல் தாதாவிடம் இருந்தது. வாங்கித் திறந்தேன்.

முதலில் நம்பர். முறைப்படி. இன்ஜின் நம்பரைச் சுற்றி அழுக்கும், சாம்பல் நிறத்தில் ஒரு சொரசொரப்பும் இருந்தது. மண்ணெண்ணெய். எமரித் தாள். கண்ணாடி மாதிரி ஆனது. லேசாகத் துரு ஏறியிருந்த சேஸிஸ் நம்பரும் அப்படியே. நகல் எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல நகல்களில் அது ஒன்று. மஞ்சள் கட்டம் போட்டேன். கிரீஸ். கதவில் ஒரு சைக்கிள் கீறல் இருந்தது. அதற்கு அதே நீலம் தேடி அபர்டீன் பஜார் முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையும் பூசியிருப்பேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மண்டல் தாதா என் கையைப் பார்த்துக் கேட்டார். "க்யா மிஸ்திரி, காடி கோ நஹ்லா தியா?" வண்டியைக் குளிப்பாட்டிவிட்டாயா என்று. ஆமாம் என்றேன்.

புதன்கிழமை மாலினி வந்தது. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கையுறை, டார்ச், பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கண்ணாடி. பெயிண்டின் கனத்தைச் சொல்கிற ஒரு சின்ன மெஷின். அதைத் தகரத்தில் வைத்தால் எண் காட்டும். கதவு, கூரை, பானெட், எல்லா இடத்திலும் வைத்தது. முகம் மலர்ந்தது.

"எல்லாமே கம்பெனி பெயிண்ட் சார். ஒரு இடத்துல கூட மறுபடி அடிக்கல."

"கதவுல ஒரு கீறல் இருக்கும்மா," என்றேன்.

"இருக்கட்டும். அதை யாரும் தொடலையே, அதான் வேணும். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினீங்களா?"

"இல்ல. பெல்ட் பழசு."

"அப்பாடா! நிறைய பேர் அங்கதான் சார் கெடுத்துடுவாங்க."

சூசை என்னைப் பெருமையாகப் பார்த்தார். மாலினி பட்டனைத் தொட்டுப் பார்த்து விரலை முகர்ந்தது.

"இது என்ன வாசனை? ரோஸ் பவுடரா?"

ரெஜினா சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பைல் இருந்தது. வரி கட்டிய காகிதம், சர்வீஸ் புத்தகம், ஸ்பேனர்கள் சுருட்டி வைத்த துணிப் பை, கம்பெனி தந்த இரண்டு சாவி. அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தது. வாங்கப் போகிறவர் கோயம்புத்தூரில் இருந்தார். அவருக்கு உடனுக்குடன் அனுப்பியது. "முப்பத்தாறு வரைக்கும் வருவார்னு நினைக்கிறேன்," என்றது. சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு பானெட்டைத் திறந்தது. ஆறு குழாயைப் பார்த்துச் சிரித்தது. டார்ச்சைக் கீழே இறக்கியது. அப்படியே நின்றது.

"இந்த மஞ்சள் என்னது?"

"அடையாளத்துக்கு," என்றேன்.

கையுறை விரலால் கிரீஸை எடுத்தது. பல் டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. மண்டல் தாதா டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இதை யார் தேய்ச்சது?"

"நான்தான்."

"எதுக்கு சார்?"

"நம்பர் தெரியணும்ல?"

நகலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தது. "டிரேசிங் ரொம்ப நல்லா இருக்கு," என்றது. குரலில் அழுகிற மாதிரி இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து எனக்கு விளக்கியது. கோபப்படவில்லை. இத்தாலியில் கம்பெனியில் அந்த நம்பரை அடிக்கும்போது, சுற்றியுள்ள இரும்பில் வார்ப்பின் சொரசொரப்பு இருக்குமாம். அந்தச் சொரசொரப்புதான் சாட்சி. திருட்டு வண்டிக்காரர்கள் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புது நம்பர் அடிப்பார்களாம். அதனால் தேய்த்த இடத்தைப் பார்த்தாலே வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வருமாம்.

"நம்பர் அதேதானம்மா. நான் மாத்தல."

"எனக்குத் தெரியும் சார். இன்னும் இருபது வருஷம் கழிச்சு லண்டன்ல இதை வாங்குறவனுக்குத் தெரியாதுல்ல?"

"துரு இருந்தா ஒசத்தி. தொடச்சா மட்டமா?"

"இந்த இடத்துல மட்டும் அப்படி."

"அப்ப டிக்கில இருக்கிற துரு?"

"அது மட்டம்தான். அதை ரிப்பேர் பண்ணணும்."

கேட்கக் கேட்க இன்னும் குழம்பியது. ஒரே வண்டி, ஒரே உப்பு, ஒரே துரு. முன்பக்கம் ஒரு நியாயம், பின்பக்கம் ஒரு நியாயம். எங்கள் கமிட்டியில் நம்பர் தெரியாவிட்டால் வண்டிக்கு விலையே இல்லை. இங்கே நன்றாகத் தெரிந்ததால் விலை விழுகிறது. இத்தனை வருஷம் நான் செய்தது தப்பா என்று கேட்டேன். அது இல்லை சார், அது வேற வண்டி, இது வேற வண்டி என்றது. இரண்டுக்கும் நாலு சக்கரம்தான்.

மாலினி வெளியே போய் கோயம்புத்தூருக்குப் பேசிவிட்டு வந்தது.

"யோசிக்கிறார். ஒரு வழி இருக்கு. வண்டி இங்க ரிஜிஸ்டர் ஆன சமயத்துல அரசாங்க மெக்கானிக் யாராவது இன்ஸ்பெக்‌ஷனுக்காகத் தேய்ச்சதா அப்பவே எழுதின பேப்பர் இருந்தா ஒத்துக்குவாராம். அப்படி ஏதாவது இருக்கா? நான் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கு வரேன். தேடிப் பாருங்க."

அந்தப் பெண் உண்மையாகத்தான் கேட்டது. ஆட்டோவில் ஏறிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து சூசை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி. உங்க வீட்ல பழைய பாரம் இருக்கும்லா?"

இருந்தது. அச்சடித்த ரிப்போர்ட் பாரம். மிச்சமானதை டிராயருக்கு அடியில் விரித்து வைத்திருந்தேன்.

"எட்டு வருசத்துக்கு முன்ன நீங்க டூட்டிலதான இருந்தீங்க. கப்பல்ல எறங்குனப்ப பாத்தேன், தேய்ச்சேன்னு எழுதுங்க. தேதிதான மாறுது? தேய்ச்சது நீங்கதான? கையும் உங்க கைதான?"

நான் தரையில் கிடந்த தார்ப்பாயை மடித்தேன்.

"பதினாறு சீட்டுன்னா ரெண்டு குடும்பம் சாப்பிடலாம் அண்ணாச்சி. நான் உங்கள வெல சொல்லத்தான கூப்ட்டேன்? தேய்க்கச் சொன்னனா?"

"சொல்லல."

"பொறவு?"

"ஏங்க," என்றார் ரெஜினா, "அவுகள ஏன் போட்டு அரிக்கிய?"

"நீ பேசாத. பவுடர் போட்டவ நீ."

"பவுடருக்கு ஒரு ரூவா கொறையல. சொல்லிட்டேன்."

சூசை கேட்டதில் தப்பு இல்லை. நஷ்டம் என்னால் வந்தது. சரிசெய்கிற வழியும் என் டிராயரில் இருந்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தேன். டிராயரைக் காலி பண்ணி ஒரு பாரத்தை எடுத்தேன். மூலை மடங்கியதைத் தேய்த்து நிமிர்த்தினேன். பேனாவை எடுத்தேன். எழுத முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன். அதை மறைக்கவில்லை.

பாரத்தில் முதல் கட்டம் தேதி. எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி ஒன்றைப் போட்டேன். இரண்டாவது கட்டம், ஆஜரானவர்கள். அங்கே பேனா நின்றது. யார் பெயரை எழுத? பிஸ்வாஸ் சார் அதற்கு முன்பே ரிட்டயர் ஆகி, இறந்தும் போனார். மற்ற ஆபீசர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வராத இடத்தில் அவர்கள் பெயரை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது ரிப்போர்ட் இல்லை. விடவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால் ஆனது.

பேரப் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தேன். இப்படி எழுதினேன்:

"ஆஜரானவர்கள்: நான் ஒருவன். கா. முத்துப்பாண்டி, ஓய்வு பெற்ற மெக்கானிக். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சூசை என்பவரின் நீல நிறக் காரின் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஜீரோ நம்பர் எமரித் தாளால் தேய்த்தேன். நம்பர் தெளிவாகத் தெரிவதற்காகத் தேய்த்தேன். நம்பரை மாற்றவில்லை, ஆழப்படுத்தவில்லை. மஞ்சள் பெயிண்டும் நான் அடித்ததே. யாரும் செய்யச் சொல்லவில்லை."

கையெழுத்துப் போட்டேன். விலாசம் எழுதினேன். அச்சடித்த பாரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஷெட்டுக்குப் போய் மாலினியிடம் தாளைக் கொடுத்தேன். சூசை எட்டிப் பார்த்தார். தேதியைத் தேடினார். 'சென்ற ஞாயிற்றுக்கிழமை' என்று இருந்ததைப் படித்துவிட்டு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலினி இரண்டு தடவை படித்தது. படம் எடுத்து அனுப்பியது. போனில் பேசியது. முதலில் கோயம்புத்தூர்க்காரர் வேண்டவே வேண்டாம் என்றாராம். தேய்த்தவனே பெயர், விலாசத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறான், இந்தத் தாளும் வண்டியோடு வரும் என்று இந்தப் பெண் வாதாடியது. அரை மணி நேரம் ஆனது. கடைசியில் இருபத்தைந்து லட்சம் என்றார்கள்.

சூசை உள்ளே வந்தார். சரி என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் மாலினியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "முப்பத்தாறு சரியா, இருபத்தஞ்சு சரியா, நான் சொன்ன முப்பத்து மூவாயிரம் சரியாம்மா?"

அந்தப் பெண் யோசித்தது. "எனக்கும் முழுசா தெரியாது சார். ஒருத்தர் கொடுக்குறார்ல, இன்னிக்கு அதான் விலை."

பிஸ்வாஸ் சார் இருந்திருந்தால் பென்சிலால் என்ன எழுதியிருப்பார் என்று தெரியவில்லை. ரப்பர் நிறைய தேய்ந்திருக்கும்.

வண்டி கப்பல் ஏறியது. சூசை மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. போன வாரம் ரெஜினா போன் பண்ணினார். "அண்ணாச்சி, படகு எறக்கி ஒரு மாசம் ஆச்சு. இவுகளா ஒருநாளும் கூப்பிட மாட்டாக. நீங்களாவது வாங்க," என்றார்.

விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, காட்டுப் பாதையில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாக விடுகிற கான்வாய்க்குக் காத்திருந்து, பாராடாங் ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். சூசை படகில் நின்று கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"வாங்க. பாத்து எறங்குங்க, வழுக்கும்."

இறங்கினேன். புது பைபர் வாசனை. பின்னால் ஒரு இன்ஜின். மருமகனைக் காணோம்.

"மருமகன் எங்க?"

"ரங்கத் ஊர்ல ஹோட்டல் வேலைக்குப் போயிட்டான்," என்றார். அப்புறம் வேறு பேச்சு எடுத்தார். நேற்று ஓடையில் முதலை படுத்திருந்ததாம். ஒரு டூரிஸ்ட் அதைக் கட்டை என்று நினைத்துக் கையால் தொடப் பார்த்தானாம். சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் டீ வாங்க மேலே ஏறிப் போனார். நான் படகில் தனியாக இருந்தேன். முன்பக்கமிருந்து ஒவ்வொரு சீட்டாகக் கை வைத்து எண்ணினேன். சரியாக எண்ணவில்லையோ என்று பின்பக்கமிருந்து ஒரு தடவை எண்ணினேன். ஓட்டுகிறவர் சீட்டைச் சேர்க்கவில்லை.

பத்து.